மலைப்பாதை வரைபடத்தின் அடிவாரத்தில் நம் லயம்

(ஜொகூர், தங்காக் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் ஆலய மண்டபத்தில் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மண்டபத்துக்கு ஒரு வக்கீல் வந்தால் கையில் கோர்ட்டுக் கடிதம் இருக்கும் என்று நம் மக்கள் பயப்படுவார்கள். இன்று அப்படி எதுவும் கொண்டு வரவில்லை. ஒரு பழைய மலை வரைபடத்தின் நகல் கொண்டு வந்திருக்கிறேன். அதைத்தான் மேசை மேல் விரித்து வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் வந்து பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள்.

இது நம் லேடாங் மலை. மண்டபத்து வாசலில் நின்றால் தெரிகிற அதே மலைதான். 4,187 அடி, இன்றைய கணக்கில் 1,276 மீட்டர். ஜொகூர் மாநிலத்திலேயே மிக உயரமானது. நம் தாத்தா பாட்டிமார் காலையில் பெரட்டுக்குப் போகும்போது இந்த மலையைப் பார்த்துத்தான் மழை வருமா வராதா என்று சொல்வார்கள். மலை உச்சி மூடிக் கிடந்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை, அரைச் சம்பளமும் இல்லை.

இப்போது சனி ஞாயிறு வந்தால் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் இந்த மலை ஏற வருகிறார்கள். ஜொகூர் பக்கம் சாகில் நீர்வீழ்ச்சியிலிருந்து ஒரு வழி, மலாக்கா பக்கம் ஆசகானிலிருந்து ஒரு வழி. முன்கூட்டியே பதிவு செய்து, வழிகாட்டியோடு ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் பழைய பாதைகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பழைய வரைபடங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது வரைபடத்தின் நடுப்பகுதியை, அதாவது மலையை. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதன் அடிப்பகுதியை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மலையை அளந்தவர்கள், சுமந்தவர்கள்

இந்த மலை வெளிநாட்டார் ஏடுகளில் ஏறிப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. மலாக்காவில் பிறந்த கொடின்ஹோ டி எரேடியா என்பவர் 1613-ஆம் ஆண்டு எழுதிய நூலிலேயே இந்த மலையைப் பற்றியும் மலை இளவரசி கதையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் இதற்கு ஓஃபிர் மலை என்று பெயர் வைத்தார்கள். 1854-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர் இதில் ஏறினார். 1869-இல் வெளிவந்த அவர் புத்தகத்தில் பாடாங் பத்து என்ற பாறைவெளியைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் மலை ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

அவருக்கு வழி காட்டவும் மூட்டை சுமக்கவும் ஆறு மலாய்க்காரர்கள் கூடப் போனார்கள். பறவையின் பெயர், செடியின் பெயர் எல்லாம் அவர் விவரமாக எழுதினார். அந்த ஆறு பேரின் பெயரை எழுதவில்லை. அவர்கள் கண்ணுக்குப் பழக்கமான வழியில்தான் அவர் மலை ஏறினார்.

இது மலாயாவில் மட்டும் நடந்த கதை இல்லை. நம் முன்னோர் கப்பலேறிய சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை இருக்கிறது. அங்கேதான் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும் வேலையைத் தொடங்கினார். அவருடைய அளவைக் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. அதை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாயிற்று. இந்தச் செய்தி வரலாற்றில் இருக்கிறது. கயிறு இழுத்த ஆட்கள் யார் என்ற செய்தி இல்லை.

ஜொகூரில் 1885-ஆம் ஆண்டிலேயே நில அளவைத் துறை வந்துவிட்டது. இன்றைக்கு நாம் ஜூபெம் என்று சொல்கிற மத்திய அரசின் அளவை, வரைபடத் துறை தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. 1909-இல் ஜொகூரைக் குறுக்கே கடந்து ரயில் பாதை வந்தது. ரயில் வந்த பிறகு காடு ரப்பர்த் தோட்டமாயிற்று. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை அது நடந்தது. காடு தோட்டமாக, தோட்டம் கம்பெனியாக, கம்பெனிக்கு எல்லை போட, எல்லைக்கு அளவை போட, அளவைக்கு வரைபடம் போட என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம்

இப்போது இந்தத் தாளைப் பாருங்கள். இது ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிப் போட்ட பழைய வரைபடம். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகிற கோடுகள் உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. நீலம் ஆறும் ஓடையும். விட்டு விட்டுப் போகிற சிறு கோடு நடைபாதை. மலை ஏறுகிறவர்கள் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். காடு முடிகிற இடத்தில் ரப்பர் தொடங்குகிறது. தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு மண் ரோடு. ரோட்டோரம் வரிசையாகச் சிறு கருப்புக் கட்டங்கள். அவைதான் லயம். நம் வீடு. ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், ராணுவம் அணிவகுத்து நிற்பது போல இருக்கும். மலாய்க் கம்பத்து வீடுகள் இப்படி வரிசையில் இருக்காது, தோப்புக்குள் சிதறி இருக்கும். ஆகவே ஒரு பார்வையிலேயே இது தோட்ட லயம் என்று சொல்லிவிடலாம்.

லயத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கோயில் குறி இருக்கும். அது பெரும்பாலும் மாரியம்மன். காட்டு விளிம்பில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இன்னொரு கோயில் இருந்தால் அது முனியாண்டியாக இருக்கலாம். காட்டுக்குள் போகிறவன் முனியாண்டிக்குச் சொல்லிவிட்டுத்தானே போவான்! வரைபடம் போட்டவனுக்கு மாரியம்மனும் தெரியாது, முனியாண்டியும் தெரியாது. அவன் போட்டது ஒரு சின்னக் குறி. அந்தக் குறிக்குப் பெயர் சொல்லக் கூடியவர்கள் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் போட்டார்கள்? நம் மேல் அன்பு வைத்துப் போடவில்லை. அளவைத் துறையின் வேலை அது. அதோடு 1948 முதல் 1960 வரை அவசர காலம். ஜொகூர் காடுகளில் சண்டை. எந்தப் பாதை எந்தத் தோட்டத்துக்குப் போகிறது, எந்த லயம் காட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று சிப்பாய்க்குத் தெரிய வேண்டும். விமானத்திலிருந்து படம் பிடித்து வரைபடங்களைத் திருத்தினார்கள். அதாவது நம்மைக் கண்காணிக்கவும் பயன்பட்ட தாள் இது. அதே தாள் இன்று நமக்குச் சாட்சி சொல்லும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் செய்த தவறு

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்து மக்கள் என்னிடம் வந்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட நிர்வாகம் நிலத்தைப் புரட்டப் போகிறது, அதற்குள் பழைய இடுகாடு இருக்கிறது, காப்பாற்ற வேண்டும் என்றார்கள். நிர்வாகம் என்ன சொன்னது? அங்கே இடுகாடு எதுவும் கிடையாது, எங்கள் கணக்கில் அப்படி ஒன்று இல்லை என்றது.

நான் என்ன செய்தேன்? கடிதம் எழுதினேன். புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ரசீது இருக்கிறதா, கிராணி எழுதிய சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். தோட்டத்தில் பிள்ளை செத்தால் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர்களிடம் நான் ரசீது கேட்டேன். சிமெண்டு போட்ட சமாதி இரண்டோ மூன்றோ இருந்தன. மற்றவை எல்லாம் மண்மேடு, அடையாளத்துக்கு நட்ட செடி, அவ்வளவுதான். நாங்கள் ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே புல்டோசர் வந்து போய்விட்டது.

அன்றைக்கு ஒரு பாட்டி அந்த இடத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர். அவருடைய இரண்டு பிள்ளைகள் அங்கே கிடந்தார்கள். எந்த இடத்தில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு புரட்டிப் போட்ட மண்ணில் ஓரமாக ஊற்றிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து வேறு ஒரு வேலையாக ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய மலை வரைபடம் பார்த்தேன். அதன் ஓரத்தில் அந்தத் தோட்டம். லயத்துக்குக் கிழக்கே, ஓடைக்கு இந்தப் பக்கம், அந்தப் பாட்டி நின்ற இடத்தில், கல்லறைக் குறி. அரசாங்கம் அச்சடித்த தாளில் அது இருந்திருக்கிறது. நான் தேடவில்லை. சட்டம் படித்த எனக்கு அப்படி ஒரு தாளைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தத் தாள் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் வேலையை நிறுத்தியிருப்போமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் "அப்படி ஒன்று இல்லை" என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது.

கோயிலைக் காட்டிக் கொடுத்த பாதை

அதற்குப் பிறகு நடந்த இன்னொரு விஷயம். மலையடிவாரத் தோட்டம் ஒன்று கைமாறியது. புது உரிமையாளர் ஆலயத்துக்குக் கடிதம் போட்டார். நிலம் எங்கள் கிராண்டில் இருக்கிறது, கோயில் அனுமதி இல்லாமல் அண்மையில் கட்டப்பட்டது, முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று.

ஆலயத் தலைவர் கொண்டு வந்த ஆவணம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ், சில புகைப்படங்கள், கரண்டு பில். எல்லாம் 1970-களுக்குப் பிந்தியவை. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். தோட்டம் பிரிந்த பிறகு யாரோ வந்து கட்டியது என்பார்கள்.

அந்த ஆலயத் தலைவரின் மருமகன் மலை ஏறுகிற பையன். பழைய பாதையைத் தேடி வரைபட நகல் ஒன்று வாங்கி வைத்திருந்தான். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததை எடுத்து வந்து காட்டினான். "மாமா, இந்தப் பாதை நம்ம கோயில் பின்னாலதான் தொடங்குது" என்றான். பார்த்தால் பாதையின் தொடக்கத்தில் கோயில் குறி. அச்சான ஆண்டு 1950-களில். புது உரிமையாளரின் கம்பெனி பதிவாவதற்கு முந்திய காலம்.

நாங்கள் வழக்கில் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். வழக்கு விசாரணைக்கே போகவில்லை. அந்த வரைபடத்தின் முறையான நகலையும், மூன்று பெரியவர்களின் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தையும் வைத்துக் கடிதம் எழுதினோம். முப்பது நாள் கெடு காணாமல் போயிற்று. பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. கடைசியில் அதே தோட்டத்து எல்லைக்குள் வேறு ஓர் இடம், ஆலயத்தின் பெயரில் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு, கட்டுவதற்கு ஒரு தொகை. பழைய இடத்தை இழந்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக உடைபடவில்லை. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைபட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் ஏன் அத்தனை பேர் நின்றோம் என்பதையும் மறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை நினைவில் வையுங்கள். 36-ஆவது பிரிவு: அரசாங்க அதிகாரத்தில் தயாரித்த வரைபடத்திலும், பொதுமக்களுக்கு விற்கிற அச்சு வரைபடத்திலும், வழக்கமாகக் காட்டப்படுகிற விவரங்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளத் தக்கவை. 83-ஆவது பிரிவு: அரசாங்க அதிகாரத்தில் செய்த வரைபடம் சரியானது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தவறு என்பவர்தான் காட்ட வேண்டும். ஆனால் ஒரு வழக்குக்காகவே போட்ட வரைபடம் என்றால் அதைக் கொண்டு வந்தவர்தான் சரி என்று நிரூபிக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? நாம் இன்றைக்கு உட்கார்ந்து கோயில் இங்கே இருந்தது, கிணறு அங்கே இருந்தது என்று ஒரு படம் போட்டால் அதை நாம் நிரூபிக்க வேண்டும். அரசாங்கமே அன்றைக்குப் போட்ட படத்தில் கோயில் இருந்தால் சுமை எதிர்த்தரப்புக்கு மாறுகிறது. நம் கையில் கிராண்டு இல்லாத இடத்தில் இது பெரிய பலம்.

பலத்தைச் சொன்னவன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வரைபடம் நிலப்பட்டா இல்லை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், 2020-இல் 828-ஆவது சட்டமாகத் திருத்திப் பதிப்பிக்கப்பட்டது, அதன் 48-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை வராது. 341-ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கும் அதையே சொல்கிறது. "நாங்கள் நாலு தலைமுறை" என்பது நெஞ்சைத் தொடும் வார்த்தை. அது மட்டும் போதாது. வரைபடத்தைக் காட்டி நிலம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிறகு எதற்குத்தான் பயன்? கோயிலின் வயதை நிறுவ. இடுகாடு இருந்தது என்று காட்ட. பழைய நிர்வாகத்தின் சம்மதத்தோடுதான் கட்டினோம் என்ற வாதத்துக்குத் துணை நிற்க. மாற்று இடமும் இழப்பீடும் பேசும்போது பிச்சை கேட்பவர்களாக இல்லாமல் கணக்குக் கேட்பவர்களாக உட்கார. அரசாங்க நிலமாக இருந்தால் 62-ஆவது பிரிவின் கீழ் இடுகாட்டுக்கோ கோயிலுக்கோ ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் அறிவிக்கும்படி மாநில அரசிடம் மனுப் போட. இவை எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்போதிருந்து? அதற்குத் தேதி போட்ட பதில் வேண்டும்.

பூர்வகுடி மக்களிடமிருந்து ஒரு பாடம்

நம் ஜொகூரிலேயே நடந்த ஒரு வழக்கை அறிந்துகொள்ளுங்கள். கோத்தா திங்கி வட்டாரத்தில் லிங்கியு நீர்ப்பிடிப்பு நிலத்துக்காக ஜாக்கூன் பூர்வகுடி மக்கள் தங்கள் காட்டை இழந்தார்கள். 53,000 ஏக்கருக்கு மேல். அடோங் பின் குவாவ் என்பவரும் மற்றவர்களும் ஜொகூர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1996-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு கொடுத்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டா இல்லாத மக்களுக்கும் மூதாதையர் நிலத்தில் உரிமை உண்டு என்பதை இந்த நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த உரிமை அவர்களுடையது. நாம் அதைக் கடன் வாங்கிப் பேசக் கூடாது. நாம் வருவதற்குப் பல காலம் முன்பே அவர்கள் இந்தக் காட்டில் இருந்தவர்கள். மலைப்பாதை என்று வரைபடத்தில் இருப்பதில் எத்தனையோ அவர்கள் காலடியில் உண்டானவை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் சான்று சேர்த்த பொறுமையை.

சரவாக்கில் நடந்ததையும் பாருங்கள். ரூமா நோர் என்ற ஈபான் நீண்டவீட்டு மக்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே வரைபடமாகப் போட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். 2001-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே 2001-இல் சரவாக் சட்டமன்றம் நில அளவையாளர் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. உரிமம் இல்லாதவர்கள் இப்படி நிலம் அளந்து வரைபடம் போடுவதை அது குற்றமாக்கியது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூர்வீக உரிமை என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது, ஆனால் தகராறில் இருந்த அந்த நிலத்துக்குப் போதிய சான்று இல்லை என்று தீர்ப்பை மாற்றியது. ஏழை மக்கள் கையில் வரைபடம் வந்தால் அதைத் தடுக்கச் சட்டமே போடுகிறார்கள் என்றால் அந்தத் தாளுக்கு எவ்வளவு பலம் என்று புரிந்துகொள்ளுங்கள். அதே சமயம் சான்று அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. தாளின் ஓரத்தில் சிறு எழுத்தில் எந்த ஆண்டு விமானப் படத்திலிருந்து எடுத்தது, எப்போது திருத்தியது என்று போட்டிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் நகல் எடுத்து வருகிறார்கள். ஓரம் இல்லாத வரைபடம் தேதி இல்லாத கடிதம் மாதிரி.

இரண்டாவது, குறி விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள். எது கோயில், எது பள்ளிக்கூடம், எது கல்லறை என்று அங்கே இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு குறி மாறும். நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள்.

மூன்றாவது, வரைபடத்தில் இல்லை என்றால் இடத்திலும் இல்லை என்று அர்த்தமாகாது. மரத்தடியில் சூலம் நட்ட முனியாண்டியை எந்த அளவையாளரும் போட்டிருக்க மாட்டார். எதிர்த்தரப்பு "வரைபடத்தில் காணோமே" என்றால் இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பழைய படத்தின் கட்டக் கோடுகள் கெஜக் கணக்கில் இருக்கும், இன்றைய படம் மீட்டர்க் கணக்கில். கைப்பேசியில் காட்டுகிற எண்ணோடு அப்படியே பொருத்தினால் தப்பாகும். லாட் எண்ணும் இந்தப் படத்தில் இருக்காது. அதற்கு ஜூபெம்மிலிருந்து லாட்டின் சான்றளித்த அளவைப் பிளான் வாங்கி, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு இரண்டையும் பொருத்த வேண்டும். செலவு உண்டு. பத்துக் குடும்பம் சேர்ந்தால் தாங்கலாம்.

ஐந்தாவது, சட்ட எச்சரிக்கை. இந்நாட்டு நில வரைபடங்கள் பல ஆண்டுகளாகத் 'தெர்ஹாட்' என்ற முத்திரையோடு வருபவை. விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த முத்திரை உள்ளதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் விளையாட்டு இல்லை. பழைய வரைபடங்கள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. எந்த நிலையத்திலிருந்து, எந்த எண்ணில் எடுத்தது என்று எழுதி, அந்த நிலையம் சான்றளித்த நகலாகவே வாங்குங்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டியது

மூன்று வேலை தருகிறேன்.

பிள்ளைகளே, நீங்கள் மலை ஏறப் போகிறீர்கள், மகிழ்ச்சி. லேடாங் ஆகட்டும், குளுவாங் லம்பாக் மலை ஆகட்டும், பூலாய் மலை ஆகட்டும். போவதற்கு முன் அந்த மலையின் பழைய வரைபடத்தைத் தேடுங்கள். உச்சியைப் பார்த்த பிறகு அடிவாரத்தைப் பாருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை வரிசை லயம், எங்கே கோயில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டி தாத்தாவிடம் எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பெயரைத் தேடுங்கள்.

குடும்பத்தாரே, வரைபடத்தில் பெயர் இல்லாத குறிகளுக்குப் பெயர் சொல்ல ஆள் வேண்டும். எண்பது வயதுக்கு மேலானவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்? ஆயக்கொட்டகை எங்கே? திருவிழாவுக்குக் காவடி எந்தப் பாதையில் வந்தது? குழந்தையை எங்கே புதைத்தோம் என்று கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். அதை 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி வாக்குமூலமாக எழுதி, ஆணையர் முன் கையெழுத்தோ கைரேகையோ போட வைக்க வேண்டும். எழுதித் தர நானும் என் நண்பர்களும் தயார். கூலி வேண்டாம். ஆணையருக்குக் கட்ட வேண்டியதை மட்டும் கட்டுங்கள்.

ஆலயப் பொறுப்பாளர்களே, நோட்டீசு வந்த பிறகு என்னிடம் வராதீர்கள். தோட்டம் விற்கப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் பேச்சு அடிபட்டவுடன் வாருங்கள். முப்பது நாளில் லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சான்றளித்த நகல் வாங்க முடியாது. உங்கள் ஆலயத்துக்கு இன்று எந்தத் தொல்லையும் இல்லை என்றால், தேட வேண்டிய நேரம் இதுதான்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் மகள் நம் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். போன மாதம் அவரிடம் அந்த வரைபடத்தின் நகலைக் கொடுத்தேன். கல்லறைக் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா பொய் சொல்லலன்னு கவர்மெண்டு பேப்பர்லயே இருக்கு" என்றார். இவ்வளவு காலம் கழித்து நான் அவருக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அதை முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்றுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

வரைபடம் மேசை மேல் இருக்கிறது. கண்ணாடி எடுத்துக்கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக் கையோடு தொடாதீர்கள், அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.